தமிழ்ச் சிறார் நூல்களில் அன்பின் திசைகள்: காஞ்சிபுர நெசவுக் குடும்பச் சூழலும் கூட்டு வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

குடும்பத்தார் கூடியிருந்து படிக்கத்தக்க, அன்பைப் பொருளாகக் கொண்ட சிறார் நூல்கள் எத்தன்மையவாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழில் குழந்தையைப் பொருளாகக் கொண்டு எழுந்த இலக்கியம் பெரியோரின் அன்பைப் பேசிற்று; குழந்தைக்கென எழுந்த நீதி இலக்கியமோ பெரியோர்பால் குழந்தை செலுத்த வேண்டிய கடமையைப் பேசிற்று. இவ்விரு போக்குகளின் பிரிவும் இருபதாம் நூற்றாண்டுக்குப் பின் அவை நெருங்கிவந்த முறையும் இங்கு விளக்கப்படுகின்றன. பரிமேலழகர் உரையில் காணப்படும் அன்பு, அருள் வேறுபாடு ஆய்வின் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. குழந்தையின் உழைப்பு நெடுங்காலம் 'வீட்டுக்கு உதவி' என்னும் பெயரால் வழங்கிய காஞ்சிபுர நெசவுச் சூழல், இவ்வினாவின் இன்றியமையாமையைக் காட்டும் களமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், அன்பு, அருள், கூட்டு வாசிப்பு, காஞ்சிபுரம், நெசவு, பரிமேலழகர்.

1. முன்னுரை

காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் 1909இல் பிறந்த அறிஞர் அண்ணா ஆற்றிய வானொலி உரைகளுள் ஒன்று 'வீட்டிற்கோர் புத்தகசாலை'. இல்லங்களில் பல்வகைப் பொருள்களுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. நூல்களுக்கு மட்டும் இடமில்லை என்பது அவ்வுரையின் மையக் கவலை. வாழ்வின் அடிப்படைத் தேவைகளுக்கு அடுத்த இடத்தை வீட்டு நூலகம் பெறவேண்டும் என அவர் வற்புறுத்தினார். பொது நூலகம் தனிமனிதரை நோக்கியது. வீட்டு நூலகமோ குடும்பத்தை நோக்கியது. அங்குள்ள நூல் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. ஒருவர் படிக்க மற்றவர் கேட்கவும், கேட்டவர் திருப்பிச் சொல்லவும், சொன்னதைப் பற்றிப் பேசவும் அங்கே வாய்ப்புண்டு. இக்கட்டுரை அதனையே கூட்டு வாசிப்பு எனக் குறிக்கிறது.

அத்தகைய வீட்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென வைக்கப்படும் நூல்களுள் அன்பைப் பேசுவன எவை? யார் யாரிடம் செலுத்தும் அன்பை அவை பேசுகின்றன? அவற்றைக் குடும்பத்தோடு படிக்கும் குழந்தை தன்னை அன்பு பெறுபவராக உணருமா, அன்பால் கடன்பட்டவராக உணருமா? இறுதி வினாவே இவ்வாய்வின் மையம். அன்பு உணர்த்தப்படும் முறைக்கேற்ப, குழந்தைமீது பெரியோர் கொள்ளும் எதிர்பார்ப்பும் மாறுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இது நூல்களை முதன்மைச் சான்றாகக் கொண்ட விளக்கமுறை ஆய்வு. காஞ்சிபுரத்தின் தொழில், சட்டச் சூழல் பற்றிய செய்திகள் துணைச் சான்றுகளாகப் பயன்படுத்தப்படுகின்றன.

2. பரிமேலழகர் உரையில் அன்பும் அருளும்

திருக்குறளின் இல்லறவியலில் மக்களைப் பெறுதலைக் கூறும் ஏழாம் அதிகாரத்தை அடுத்து அன்புடைமை எட்டாம் அதிகாரமாக வைக்கப்பட்டுள்ளது. காஞ்சிபுரம் உலகளந்த பெருமாள் கோயிலோடு மரபுவழிச் செய்திகள் தொடர்புபடுத்தும் பரிமேலழகர், இவ்வைப்பு முறைக்கு விளக்கம் தருகிறார். வாழ்க்கைத் துணை, புதல்வர் முதலாகத் தொடர்புடையாரிடத்துக் கொள்ளும் காதலே அன்பு என்பது அவர் கருத்து. துறவறவியலில் வரும் அருளையோ, தொடர்பு கருதாமல் எல்லா உயிர்கள்மேலும் இயல்பாகச் செல்லும் கருணை என அவர் வேறுபடுத்துகிறார். பொருட்பாலில் பொருள் செயல்வகை அதிகாரம் இவ்விரண்டையும் உறவுமுறையால் இணைக்கிறது. அங்கே அருள் அன்பு ஈன்ற குழந்தையாகவும், பொருள் அக்குழந்தையை வளர்க்கும் செவிலியாகவும் உருவகிக்கப்படுகின்றன.

சிறார் இலக்கிய ஆய்வுக்கு இவ்வேறுபாட்டால் மூன்று பயன்கள் உண்டு. முதலாவது, அன்பு வீட்டில் தொடங்கி வீட்டுக்கு வெளியே விரிவது என்னும் வளர்ச்சி நெறி கிடைக்கிறது. தாய், தந்தை, உடன்பிறந்தார் என்னும் வட்டத்தோடு நின்றுவிடும் நூல் அன்பை மட்டும் பேசுகிறது. அயலார், பறவை, விலங்கு எனத் தொடர்பற்ற உயிர்களையும் தழுவும் நூல் அருளை நோக்கி நகர்கிறது. இரண்டாவது, அன்பு விரிவதற்குப் பொருளாகிய செவிலியும் வேண்டும் என்னும் உலகியல் உண்மை நினைவூட்டப்படுகிறது. வறுமையில் உழலும் குடும்பத்தை அன்பற்ற குடும்பமாகக் காட்டும் எளிய நீதிக்கதைகளுக்கு இது மறுப்பாக நிற்கும்.

மூன்றாவது பயன் சொல் வழக்குப் பற்றியது. பரிமேலழகர் குடும்ப அன்பைக் காதல் என்னும் சொல்லால் தயக்கமின்றி விளக்குகிறார். காதலன் என்னும் சொல் மகனைக் குறித்து வழங்கியதும் பழைய இலக்கியம் அறிந்ததே. பிற்காலத்தில் அச்சொல் தலைவன் தலைவியரின் உறவுக்குரியதாகச் சுருங்கியது. அதனால் சிறார் நூல்களில் அன்பு, பாசம், பிரியம் என்பன அவ்விடத்தை நிரப்புகின்றன. இவற்றுள் பாசம் என்னும் சொல் சைவ சித்தாந்தத்தில் உயிரைக் கட்டும் தளையைக் குறிப்பது. அன்பு அணைப்பதா, கட்டுவதா என்னும் ஐயம் சொல்லிலேயே தங்கியிருக்கிறது எனலாம்.

பரிமேலழகர் உரையின் எல்லையையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். ஏழாம் அதிகாரத்தைப் 'புதல்வரைப் பெறுதல்' எனத் தலைப்பிட்டு வழங்கும் அவர், முதற்குறளில் வரும் அறிவைப் பற்றிய அடையைக் காரணமாகக் காட்டி, மக்கள் என்னும் சொல் அங்குப் பெண்ணை ஒழித்து நின்றது என்கிறார். மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்டு மகிழும் தாயைப் பற்றிய குறளுக்கு, பெண்ணியல்பால் அவள் தானாக அறியமாட்டாள் என்று காரணம் கற்பிக்கிறார். அறிவு பெறும் குழந்தையாக மகளும், அறிந்து மகிழும் தாயும் இவ்வுரையில் இடம்பெறவில்லை. அன்பின் இலக்கணத்தைத் தெளிவுற வகுத்த உரையே வீட்டின் பாதிப்பேரை வாசிப்பு வட்டத்துக்குப் புறத்தே நிறுத்திற்று. பிற்காலச் சிறார் நூல்கள் இவ்விடைவெளியை எவ்வாறு நிரப்பின என்பது ஆறாம் பகுதியில் காணப்படும்.

3. குழந்தையைப் பாடியவையும் குழந்தைக்குப் பாடியவையும்

குழந்தையின்பால் பெரியோர் கொள்ளும் அன்பைத் தமிழ் இலக்கியம் விரிவாகப் பாடியுள்ளது. குறுகுறு நடந்து, கையை நீட்டி, நெய்ச்சோற்றை உடலெங்கும் சிதறும் குழந்தை இல்லாதார்க்கு வாழ்வின் பயன் இல்லை எனப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் (188) பாடுகிறான். குழந்தையின் சிறுகை அளாவிய கூழையும் அதன் மழலையையும் திருக்குறள் சிறப்பிக்கிறது. பெரியாழ்வார் தாயின் இடத்தில் நின்று கண்ணனைச் சீராட்டுகிறார். பிள்ளைத்தமிழ் அச்சீராட்டுதலைப் பத்துப் பருவங்களாக வகுத்து இலக்கிய வகையாகவே நிலைபெறச் செய்தது. இவை யாவற்றிலும் அன்பு மேலிருந்து கீழாக, பெரியோரிடமிருந்து குழந்தையை நோக்கிச் செல்கிறது. ஆயினும் இவற்றின் கேட்போர் குழந்தைகள் அல்லர். சான்றோரும் புரவலரும் அடியவரும் ஆவர்.

குழந்தை நேரடியாகக் கேட்போராக அமைந்த ஔவையாரின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றில் திசை மாறுகிறது. திண்ணைப் பள்ளிகளில் எழுத்தறிவோடு இணைத்துக் கற்பிக்கப்பட்ட இந்நூல்களில் தாயும் தந்தையும் பேணப்படவும் தெய்வமாக அறியப்படவும் வேண்டியவர்கள். குழந்தையிடம் பெரியோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது அங்குப் பேசுபொருள் அன்று. இலக்கண நோக்கில் காணின் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். குழந்தையைப் பாடிய நூல்களில் வருணனையும் விளியும் மிகுதி. குழந்தைக்குப் பாடிய நீதிநூல்களில் ஏவலும் எதிர்மறை ஏவலும் மிகுதி. ஒன்றில் குழந்தை காணப்படுகிறது, மற்றொன்றில் ஏவப்படுகிறது.

திருக்குறளில் இவ்விரு திசைகளும் ஒரே அதிகாரத்துள் ஒரு வரிசையில் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. தந்தை மகனுக்குச் செய்யும் உதவி முதலில் கூறப்படுகிறது. மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறு அதிகாரத்தின் இறுதியிலேயே வருகிறது. பெறுதல் முந்தியது, திருப்பித் தருதல் பிந்தியது என்பதே அவ்வரிசை உணர்த்தும் முறைமை. அக்கைம்மாறும் உடலுழைப்போ பொருளோ அன்று. பிறர் வாயிலாகத் தந்தைக்குக் கிடைக்கும் நற்சொல்லே ஆகும்.

இவ்விரு போக்குகளும் இயல்பாகச் சந்திக்கும் இடம் தாலாட்டு. அது குழந்தைக்கே பாடப்படுவது. அதன் உள்ளடக்கமும் குழந்தையின்பால் உள்ள அன்பே. அழும் குழந்தையிடம் அடித்தவர் யார் எனக் கேட்டு, மாமன், அத்தை, பாட்டி என உறவினரை வரிசைப்படுத்துவது தாலாட்டின் மரபு. அடித்ததாகச் சொல்லப்படும் உறவினர்கூட மலராலேயே அடித்ததாகப் பாடப்படுவர். இங்கு ஏவல் இல்லை. உறவுப் பெயர்களின் அறிமுகம் உண்டு. பாடும் பெண்ணின் பிறந்தகத்து நினைவும் மனக்குறையும் அதனுள் இடம்பெறும். குழந்தைக்கெனப் பாடப்படுவது பாடுபவருக்கும் பொருளுடையதாக அமையும் இவ்விரட்டைப் பயனே நல்ல கூட்டு வாசிப்பு நூலின் முதல் இயல்பு. பெரியோர்க்குச் சலிப்பூட்டும் நூல் வீட்டில் இரண்டாம் முறை எடுக்கப்படுவதில்லை.

கோயில் நகரமாகிய காஞ்சியில் குழந்தைகள் கேட்டு வளரும் தலபுராணக் கதையொன்றையும் இங்கு எண்ணலாம். கம்பையாற்றில் வெள்ளம் பெருகிவர, அம்மை தான் மணலால் அமைத்த இலிங்கம் கரையாதவாறு தழுவிக் காத்தாள் என்பது ஏகாம்பரநாதர் கோயில் வரலாறு. காஞ்சிப் புராணம் இதனைத் தவமும் திருவருளுமாக விரித்துரைக்கும். கோயிலுக்கு அழைத்துச் செல்லப்படும் குழந்தைக்கோ, வலியதொன்று தாக்க வரும்போது மெலியதை அணைத்துக் காப்பது அன்பு என்னும் செய்தியே முதலில் பதியும்.

4. இருபதாம் நூற்றாண்டு: ஏவலிலிருந்து காட்சிக்கு

1915இல் வெளிவந்த பாரதியாரின் பாப்பாப் பாட்டு ஏவல் வினையைக் கைவிடவில்லை. அதன் உள்ளடக்கத்தை மாற்றியது. முதல் ஏவலே விளையாட்டைப் பற்றியது. குருவி, காக்கை, பசு, நாய், குதிரை, மாடு, ஆடு என அன்பின் வட்டம் தொடர்பற்ற உயிர்களை நோக்கி விரிகிறது. சாதி வேற்றுமை மறுக்கப்படுகிறது. பரிமேலழகரின் சொல்லாட்சியில் கூறுவதாயின், அன்பு அருளாக வளரும் பாதை குழந்தைப் பாடலில் இங்கே தெளிவாகத் திறக்கிறது. அப்பாடல் குழந்தைக்கு வகுக்கும் நாளொழுங்கும் கருதத்தக்கது. காலையில் படிப்பு, பின்னர் கனிவு தரும் பாட்டு, மாலை முழுதும் விளையாட்டு என்பது அவ்வொழுங்கு. அதில் தொழிலுக்கு இடமில்லை. குழந்தைத் தொழிலாளர் குறித்த சட்டங்கள் விரிவாக எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே குழந்தையின் பகற்பொழுது இவ்வாறு வரையறுக்கப்பட்டது.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பசுவும் கன்றும் பற்றிய பாடல் மற்றொரு படிநிலை. தோட்டத்தில் மேயும் வெள்ளைப் பசு அழைக்கிறது. துள்ளித் திரியும் கன்று ஓடிவருகிறது. பசு அதனை நாவால் நக்கிக் கொடுக்க, கன்று மடியை முட்டிப் பால் குடிக்கிறது. பாடல் அவ்வளவே. அன்பு என்னும் சொல் அதில் இல்லை. இறுதியில் நீதியும் இல்லை. கண்முன் நிகழும் ஒரு செயல்வழியாகவே அன்பு உணர்த்தப்படுகிறது. தாயன்புக்குக் கைம்மாறாகக் கன்று என்ன செய்தல் வேண்டும் என்னும் வினாவே எழுவதில்லை. குழந்தையைப் பாடிய பழைய மரபின் அன்பு, குழந்தைக்குப் பாடும் வடிவத்துக்குள் குறையின்றி வந்துசேர்ந்த இடமாக இப்பாடலைக் கொள்ளலாம். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றுவதற்குக் காரணமாயிருந்த அழ. வள்ளியப்பா முதலியோரின் பாடல்கள் இப்போக்கைப் பள்ளிக்கும் வீட்டுக்கும் பொதுவாக்கின.

எனினும் பழைய ஒழுங்கு மறைந்துவிடவில்லை. தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் பரவலாகப் பாடப்படும் தோசைப் பாட்டு இதற்கு நல்ல சான்று. அரிசிமாவும் உளுந்துமாவும் கலந்து அம்மா சுட்ட தோசையில் அப்பாவுக்கு நான்கு, அம்மாவுக்கு மூன்று, அண்ணனுக்கு இரண்டு, பாப்பாவுக்கு ஒன்று எனப் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. தின்னத் தின்ன ஆசையாக இருக்கிறது. மேலும் கேட்டால் அடி கிடைக்கும் என நகைச்சுவையாகப் பாடல் முடிகிறது. எண்ணைக் கற்பிக்கும் விளையாட்டுப் பாடல் என்ற அளவில் இது இனியது. குடும்பத்தில் அன்பு உணவாகப் பங்கிடப்படும் முறையையும், அப்பங்கீட்டின் படிவரிசையையும், கேள்விக்குரிய பதிலையும் அது தன்னையறியாமலே பதிவு செய்துள்ளது. இத்தகைய பாடலை விலக்க வேண்டியதில்லை. பாப்பாவுக்கு ஏன் ஒன்று எனக் கேட்க வீட்டில் இடமிருந்தால் அதுவே கூட்டு வாசிப்பின் தொடக்கமாகும்.

5. தறியோரக் குழந்தை: அன்பும் உதவியும்

மேற்கூறிய வேறுபாடு காஞ்சிபுரத்தில் இலக்கிய நுட்பமாக மட்டும் நின்றதில்லை. காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை நெசவு. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய, மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் பிரிக்கவியலாதவாறு பிணைத்து நெய்வது அம்முறை. குழித்தறியில் அமர்ந்த நெசவாளரின் அருகே, ஒரு பக்கத்துக் கரைநாடாவைக் கையாள மற்றொருவர் வேண்டும். நெடுங்காலம் அவ்விடத்தில் பெரும்பாலும் அமர்ந்தவர் சிறுவரே. பட்டிழை முறுக்கலும் தார் சுற்றலும் பாவு விரித்தலும் வீட்டிலும் தெருவிலும் நிகழ்ந்த தொழில்கள் ஆதலின், வீடும் தொழிற்கூடமும் ஒன்றாயின. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளின் வீட்டமைப்பே இதற்குச் சான்று. தந்தையின் அருகமர்தல் உறவாகவும் தொழிற்பயிற்சியாகவும் உழைப்பாகவும் ஒருங்கே இருந்தது.

இவ்வொருங்கிணைவில் அன்பும் உழைப்பும் பிரித்தறிய இயலாதன ஆயின. தன் வீட்டுத் தறியன்றி, கடனுக்கும் முன்பணத்துக்கும் ஈடாகப் பிறர் தறிகளில் அமர்த்தப்பட்ட சிறார் நிலை இன்னும் கொடியது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் குறித்து மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கியது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோர்க்குத் தடைசெய்த தொழில்முறைகளில் நெசவையும் சேர்த்தது. ஆயின் குடும்பத்தாரின் துணையோடு நடைபெறும் தொழிலிடங்களுக்கு விலக்களித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பணியமர்த்துவதை முற்றிலும் தடைசெய்த போதிலும், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் தீங்கு பயக்காத குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதித்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பகற்பொழுதைப் பள்ளிக்கு உரியதாக்கியது. எஞ்சிய மாலைப்பொழுது குடும்பத்தின் முடிவுக்கே விடப்பட்டது.

ஆதலின் சட்டம் நிற்கும் இடத்தில் அன்பைப் பற்றிய குடும்பத்தின் கருத்தே அளவுகோலாகிறது. பெற்றோர்க்காகத் தன் விளையாட்டையும் படிப்பையும் துறந்து உழைக்கும் சிறுவனைப் போற்றும் கதை, பொதுவாகத் தியாகக் கதையாகப் படிக்கப்படும். தறியுள்ள வீட்டில் அதே கதை, குழந்தை எழுந்து சென்று அமர வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டும். கதையைப் படித்துக் காட்டுபவர் தந்தையே ஆயின் அதன் ஆற்றல் இன்னும் மிகும். அன்பின் பெயரால் உழைப்பைக் கேட்கும் கதைக்கும், உழைப்பினின்று விடுவித்து அன்பு காட்டும் கதைக்கும் உள்ள வேறுபாடு இச்சூழலில் குழந்தையின் மாலைப்பொழுதையே தீர்மானிக்கக் கூடியது. இதனைப் பெற்றோரின் அன்பின்மை எனக் கொள்வது பிழை. பொருளாகிய செவிலி இல்லாதபோது அன்பு என்னும் தாய் எதிர்கொள்ளும் இக்கட்டாகவே இதனைக் காண வேண்டும். தொழிலைக் கற்பதும் தொழிலுக்கு ஆட்படுவதும் வேறு வேறு. தறியின் நுட்பத்தைக் குழந்தை அறிவது குடும்பத்தின் செல்வம். அதற்காகப் படிப்பை இழப்பது அன்று.

6. அண்மைக் கால நூல்கள்: கேட்கும் பெரியோர், சொல்லும் குழந்தை

சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்ற தமிழ் நூல்களுள் சில, அன்பின் திசையில் நேர்ந்துள்ள மாற்றத்தைக் காட்டுகின்றன. 2020இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', குடும்பத்தின் பழைய மரப்பாச்சி பொம்மை சிறுமியோடு பேசுவதாக அமைந்தது. குழந்தைமீது பெரியவர் ஒருவர் நிகழ்த்தும் தவறான தொடுதலை அது பொருளாகக் கொள்கிறது. பெரியோர் அனைவரும் பேணத்தக்கவர் என்னும் பழைய ஏவலை இந்நூல் வரையறைக்கு உட்படுத்துகிறது. அன்பு போலத் தோன்றுவன எல்லாம் அன்பாகா என்பதையும், அதனை வீட்டில் சொல்லும் துணிவு குழந்தைக்கு வேண்டும் என்பதையும் உணர்த்துகிறது. சொல்வதற்குக் கேட்பவர் வேண்டுமாதலின், பெற்றோரும் உடனிருந்து படிக்க வேண்டிய நூல் இது.

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள வந்தவாசியில் வாழ்ந்து எழுதும் மு. முருகேஷின் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை' 2021இல் இவ்விருதைப் பெற்றது. அதன் தலைப்பே ஆய்வுக்குரியது. கதை சொல்லுதல் பெரியோர்க்கும் கேட்டல் சிறியோர்க்கும் உரியன என்னும் வழக்கமான ஒழுங்கு இங்குத் தலைகீழாகிறது. சொல்பவள் மகள், கேட்பவள் தாய். அறிவு பெறும் மக்களின் கணக்கில் மகளையும், தானாக அறியும் திறனுடையார் கணக்கில் தாயையும் சேர்க்காத காஞ்சி உரையாசிரியரின் கூற்றோடு இத்தலைப்பை வைத்து எண்ணின், இடைப்பட்ட நூற்றாண்டுகளில் தமிழ் வீட்டில் அன்பின் பொருள் கடந்துவந்த தொலைவு புலனாகும். கேட்ட தாய் இங்கு அறியாமையால் கேட்பவள் அல்லள். மகளின் சொல்லுக்கு மதிப்பளித்துக் கேட்பவள்.

மொழிபெயர்ப்புகளும் தமிழ்ச் சிறார் வாசிப்பின் பகுதியே. ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகி 1981இல் வெளியிட்ட 'டோட்டோ-சான்' தமிழில் பரவலாகப் படிக்கப்பட்ட நூல். முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமியிடம் தாய் அச்செய்தியைக் கூறவில்லை. மகள் இருபது வயதை எய்திய பின்னரே தெரிவித்தாள். புதிய பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளில் அச்சிறுமி பேசுவதை நான்கு மணிநேரம் கேட்டிருந்தார். குற்றவுணர்வை ஏற்றாத மௌனமும், இடைமறிக்காத செவியும் அன்பின் வடிவங்களாக இங்கு அமைகின்றன. முன்னது தொடர்புடையாரிடத்து அன்பு. பின்னது தொடர்பற்ற ஒருவர் காட்டிய அருள்.

ஆங்கிலச் சிறார் நூல்களில் அன்பைப் பொருளாகக் கொண்டு பெரிதும் பரவியது சாம் மெக்பிராட்னி 1994இல் எழுதிய 'கெஸ் ஹௌ மச் ஐ லவ் யூ'. சிறு முயல் தன் அன்பின் அளவைக் கை விரித்தும் தாவியும் காட்ட, பெரிய முயல் தன் அளவை ஒவ்வொரு முறையும் மிகுத்துக் காட்டுகிறது. இறுதியில் நிலவு வரை அளவு நீள்கிறது. தமிழ் வீடுகளில் அன்பு நேர்முகமாக மொழியப்படுவது அரிது. சாப்பிட்டாயா என்னும் வினாவிலும் எடுத்து வைத்த பங்கிலும் அது வெளிப்படும். எனவே இத்தகைய நூலை மொழிபெயர்ப்பவர் 'நான் உன்னை நேசிக்கிறேன்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின், படித்துக் காட்டும் தாத்தாவின் வாயில் அது அயலாக ஒலிக்கும். 'உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா' என்பது தமிழ்க் குழந்தை கை விரித்து விடை கூறும் வினாவாக அமையும்.

7. கூட்டு வாசிப்புக்குரிய அளவுகோல்கள்

மேற்கண்ட ஆய்வினின்று, குடும்பத்தோடு படித்தற்குரிய அன்பு நூல்களைத் தெரிவு செய்ய ஐந்து அளவுகோல்களை வகுக்கலாம்.

முதலாவது திசை. அன்பு குழந்தையை நோக்கியும் செல்கிறதா, அன்றிக் குழந்தையிடமிருந்து மட்டுமே கோரப்படுகிறதா என நோக்க வேண்டும். இரண்டாவது வினை வடிவம். அன்பு ஏவலாகக் கூறப்படுவதினும் செயலாகக் காட்டப்படுவது சிறந்தது. கவிமணியின் பசுவும் கன்றும் இதற்கு இலக்கணம். மூன்றாவது மறுமொழி. படித்து முடித்தபின் குழந்தை வினவவும் மறுக்கவும் நூல் இடந்தருதல் வேண்டும். நான்காவது விரிவு. உறவு வட்டத்தைக் கடந்து அருளை நோக்கி ஓர் அடியேனும் நூல் எடுத்துவைக்க வேண்டும். ஐந்தாவது ஓசை. வாய்விட்டுப் படிக்கும்போது வீட்டுப் பேச்சுக்கு அயலாகாத தமிழில் நூல் அமைதல் வேண்டும்.

ஐந்தாவது அளவுகோல் காஞ்சிபுரத்தில் தனிக்கவனத்துக்குரியது. நெசவுக் குடும்பங்களுள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டனவும் உண்டு. எழுத்தறியாப் பாட்டியும் பள்ளி செல்லும் பேத்தியும் ஒரே கூரையின்கீழ் உள்ள வீட்டில் வாசிப்பு ஒருவழியாக நிகழாது. பேத்தி எழுத்தைப் படிக்க, பாட்டி படத்தைப் பார்த்துத் தன் மொழியில் கதையை விரிப்பாள். ஆகவே படத்துக்குச் சம இடம் தரும் நூல்கள் இங்கு மிகுதியும் பயன்படும். சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் வெளியிடும் இருமொழிப் படநூல்கள் இவ்வகையில் கருதத்தக்கவை.

நூல்கள் வீடு சேரும் வழியும் ஆராயத்தக்கது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் சிறு கதைநூல்களை அரசுப் பள்ளி மாணவர்க்கு வழங்கியது. இவை வகுப்பறை நேரத்துக்குள் நில்லாது மாலையில் வீடு செல்லவும் மறுநாள் வீட்டார் சொன்ன கதையோடு திரும்பவும் வகைசெய்யின், பள்ளி நூல் வீட்டு நூலாகும். மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க இயலாது. குழித்தறியில் நீர் ஊறி வேலை தடைப்படுவதும் உண்டு. வருவாய் குன்றும் அந்நாள்களில் நூல் வாங்குமாறு கூறுவது பொருந்தாது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கிளை நூலகங்களும் இணைந்து அக்காலத்தில் சிறார் நூல்களை வீடுகளுக்கு இரவலாக அனுப்புவது நடைமுறைக்கு ஏற்றது.

8. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகள் வருமாறு:

தமிழில் குழந்தையைப் பாடிய இலக்கியம் பெரியோரின் அன்பையும், குழந்தைக்குப் பாடிய நீதி இலக்கியம் குழந்தையின் கடமையையும் முதன்மைப்படுத்தின. தாலாட்டு இரண்டையும் இணைத்தது. பாரதியாரும் கவிமணியும் அவ்விணைப்பை எழுத்திலக்கியத்துக்குக் கொணர்ந்தனர்.

பரிமேலழகர் வகுத்த அன்பு, அருள் வேறுபாடு இன்றைய சிறார் நூல்களை மதிப்பிடவும் பயன்படுகிறது. மகளையும் தாயையும் பற்றிய அவ்வுரையின் எல்லை, சொல்லும் மகளையும் கேட்கும் தாயையும் முன்னிறுத்தும் அண்மைக் கால நூல்களில் கடக்கப்படுகிறது.

குழந்தையின் உழைப்பு உதவி என்னும் பெயரால் வழங்கிய நெசவுச் சூழலில், அன்பைக் கைம்மாறாகக் கோரும் கதை குழந்தையின் பொழுதைக் குறைக்கும். அன்பை வழங்கும் கதை அப்பொழுதைக் காக்கும். ஆதலின் நூல் தெரிவு சுவை பற்றியது மட்டுமன்று. குழந்தையின் உரிமை பற்றியதும் ஆகும்.

அண்ணா விரும்பிய வீட்டு நூலகம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாலையில் தறி ஓய்ந்தபின் தந்தையின் அருகே குழந்தை அமரும் இடம், நாடாவுக்காக அன்றிக் கதைக்காக அமையுமாயின், ஒரு சில நூல்களே அதற்குப் போதும். அந்நூல்கள் எவ்வாறு படிக்கப்படுகின்றன, படித்தபின் குழந்தைகள் எவற்றை வினவுகின்றனர் என்பனவற்றை நெசவுத் தெருக்களில் களஆய்வு வழியாகத் தொகுப்பது, இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.